பிறந்த பிள்ளையின் பால் தெளிவில்லை: பதிவில் என்ன எழுதுவது, எதற்குக் கையெழுத்து வைப்பது?

வாவிக்கரை (கேள்வி)

இலங்கையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குகளில் கொடுக்க நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று தயாராகுது. பொருள்: ஊடுபால் பிள்ளைகள். வெளியுறுப்பைப் பார்த்த உடனே ஆண், பெண் என்று சொல்ல முடியாத பிள்ளை, அல்லது வெளியில் ஒரு மாதிரியும் உள்ளே குரோமோசோமும் சுரப்பியும் இன்னொரு மாதிரியும் உள்ள பிள்ளை. திருநங்கை, திருநம்பி விஷயம் வேறு என்று முதல் பக்கத்திலேயே எழுதியாச்சு. அதை இங்கே குழப்ப வேண்டாம்.

எழுதுறதில் சிக்கல் வருவது பின்வரும் இடங்களில்.

பிறப்புப் பதிவு 42 நாளுக்குள் செய்ய வேணும். பரிசோதனை முடிவு அதுக்குள்ள வராட்டி தாய் தகப்பன் படிவத்தில் எதைப் போடுவது? பிறகு மாற்றலாமா, மாற்றினால் அடையாள அட்டை என்னாகும்?

'பள்ளிக்கூடம் போக முதல் ஒப்பரேஷன் செய்திட்டால் நல்லம்' என்று யாராவது சொன்னால் உடனே கையெழுத்து வைக்க வேணுமா? 'இந்தியாவில் தடை வந்திட்டு, இங்கேயும் தடைதான்' என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்துது. அது சரியா?

மூன்றாவது, பிள்ளை பிறந்து துடக்குக் கழிக்கிற 31ஆம் நாள். சொந்தக்காரர் கூடி 'என்ன பிள்ளை?' என்று கேட்கிறதுக்கு என்ன சொல்வது? சட்டப் புத்தகத்தில் இல்லாத கேள்வி, ஆனால் தாய்மார் முதல் கேட்பது இதைத்தான்.

எத்தனை பேருக்கு இப்படி என்ற எண்ணையும் போட வேணும். 1.7 சதவீதம் என்று ஒரு இடத்தில், 4500க்கு ஒன்று என்று இன்னொரு இடத்தில் கிடக்கு.

---

நிறைமாதம்

எண்ணில் இருந்து தொடங்குறன். இரண்டும் சரி, அளக்கிற பொருள்தான் வேறு. ஐ.நா. சொல்லும் 0.05 முதல் 1.7 சதவீதம் என்பது எல்லா வகையையும் சேர்த்தது: கிளைன்ஃபெல்டர் (47 எக்ஸ்எக்ஸ்வை), டேர்னர் (45 எக்ஸ்) என்ற குரோமோசோம் வேறுபாடுகள், பருவ வயதில் மட்டும் தெரிய வருகிறவை எல்லாம் அதுக்குள் அடங்கும். பிறந்த கட்டிலிலேயே உறுப்பைப் பார்த்துத் தடுமாறும் பிள்ளைகள் ஏறக்குறைய 4500இல் ஒன்று. கிளினிக் தாய்மாருக்கு இரண்டாவதைப் போடுங்க. முதலாவதைப் போட்டால் 'எங்கட ஊரில் அவ்வளவு பேரைக் காணல்லையே' என்று முழுப் பேப்பரையும் நம்பாமல் விடுவாங்க.

அடுத்தது, உங்கட கேள்விப் பட்டியலில் இல்லாத விஷயம். இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடாட்டி மிச்சம் எழுதி வேலையில்லை.

பால் தெளிவில்லாமல் பிறக்கிற பிள்ளைகளில் உயிருக்கு ஆபத்தான ஒரு வகை இருக்கு (டொக்டர்மார் சி.ஏ.எச். என்பாங்க): சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரில் அது 21-ஹைட்ரொக்சிலேஸ் நொதி. கோர்ட்டிசோல் உருவாகாது, அதுக்குப் பதிலாக ஆண் ஹோர்மோன் கூடிப்போகும். எக்ஸ்எக்ஸ் பிள்ளைக்கு (பெண்ணுக்குரிய குரோமோசோம் எக்ஸ்எக்ஸ், ஆணுக்குரியது எக்ஸ்வை) வெளியுறுப்பு ஆண் பிள்ளையைப் போல வளரும். கருப்பையும் சூலகமும் உள்ளே வழமை போல இருக்கும். ஆபத்து உறுப்பில் இல்லை, உப்பில்தான். இவங்களில் பெரும்பாலானோருக்கு உடம்பு உப்பைப் பிடிச்சு வைக்காது. முதல் மூன்று நாலு நாள் இரத்தத்தில் சோடியம் சரியாகவே காட்டும், வீட்டுக்கு அனுப்பிவிடுவாங்க. ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், தூங்கித் தூங்கி விழும். பிறந்த நிறை பத்துப் பதினாலு நாளில் திரும்பி வரவேணும், வராது. இரைப்பை வாசல் அடைப்பு, கிருமித் தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டு இருக்கிற நேரத்திலேயே பிள்ளை போய்விடலாம்.

அதனால் குடும்பநல உத்தியோகத்தருக்கு (மருத்துவிச்சிக்கு) ஒரே ஒரு விதி. வெளித்தோற்றத்தில் ஆண் பிள்ளை, இரண்டு பக்கமும் விதை கையில் தட்டுப்படவில்லை என்றால் 'பிறகு இறங்கும்' என்று விடக்கூடாது. அட்ரினல் பிரச்சினை இல்லை என்று உறுதியாகும் வரை அந்தப் பிள்ளை அட்ரினல் பிள்ளைதான். குதிக்காலில் எடுக்கிற இரத்தச் சோதனை தைரொய்ட்டுக்கு. அது செய்தாயிற்று என்று இருந்திடக் கூடாது. வேண்டியது 17-ஓஎச் புரோஜெஸ்டரோன், பிறந்து 48 மணித்தியாலம் கழித்து. அதோடு சோடியம், பொட்டாசியம், சீனி அளவு: இரண்டு கிழமை முடியும் வரை சில நாளுக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப. வயிற்று ஸ்கான் உடனே எடுத்தால் நல்லம், தாயின் ஹோர்மோன் தாக்கம் இருப்பதால் புதுப் பிள்ளையின் கருப்பை அந்த நாட்களில் தெளிவாகத் தெரியும். குரோமோசோம் சோதனைக்குக் கலங்களை வளர்த்துத்தான் பார்க்க வேணும், நாள் பிடிக்கும்.

மருந்து: ஹைட்ரோகோர்ட்டிசோன் நாளுக்கு மூன்று வேளை, ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன், முதல் வருடம் தாய்ப்பாலோடு உப்பும் (தாய்ப்பாலில் சோடியம் குறைவு). பச்சைப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வருவது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். கிடைக்கிற குளிசையோ 10 மி.கி. வீட்டில் தண்ணியில் கரைச்சு சிரிஞ்சில் இழுத்துக் கொடுப்பாங்க. பிழை இங்கேதான் நடக்குது. அந்தக் குளிசை முழுசாகக் கரையாது, அடியில் தங்கும். ஒரு நாள் பாதி மருந்து, ஒரு நாள் இரட்டை மருந்து. மருந்தகத்தில் தூளாக்கிப் பொட்டலம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்க. காய்ச்சல் 38 பாகைக்கு மேலே போனால் இரட்டிப்பு, 39க்கு மேலே மூன்று மடங்கு. வாந்தியில் மருந்து நிற்காவிட்டால் ஊசி: மூன்று வயது வரை 25 மி.கி., பன்னிரண்டு வரை 50, அதுக்கு மேலே 100. இந்த அளவையும் நோயின் பெயரையும் ஒரு அட்டையில் எழுதி வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடப் பையில் ஒன்று. வெல்லாவெளியில் இருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போற தூரத்தை நினைச்சுப் பாருங்க. 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வந்ததும் காட்டுவதற்கு அந்த அட்டை வேணும்.

இதெல்லாம் மருந்து வேலை. கத்திக்கு இதில் இடமே இல்லை. பெற்றார் இரண்டையும் ஒன்றாக நினைச்சுத்தான் பயந்து கையெழுத்து வைக்கிறாங்க.

---

பதிவேடு

பதிவு சம்பந்தமான பகுதி.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். 42 நாள் என்பது சரி. அது கடந்தாலும் மூன்று மாதம் வரை பதிவாளரே கட்டணம் இல்லாமல் பதிவார். மூன்று மாதம் தாண்டினால்தான் 24ஆம் பிரிவின் கீழ் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவு: கூற்று, ஆவணம், அலைச்சல். ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைக்கிற கால இடைவெளி மூன்று மாதம். பெரும்பாலான பரிசோதனை முடிவு அதுக்குள் வந்துவிடும். முடிவு வருமுன் 'அவசரம், இன்றைக்கே போடுங்க' என்று யாரும் சொன்னால் அவசரம் அவருடைய மேசைக்குத்தான்.

படிவத்தில் ஆண், பெண் இரண்டே. மூன்றாவது பெட்டி இல்லை. மருத்துவக் குழு எந்தப் பாலாக வளர்ப்பது பொருத்தம் என்று சொல்கிறதோ அதைப் போடுங்க. பதிவில் ஒரு சொல்லைப் போட்டதால் உடம்பை அதுக்கு ஏற்றபடி வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதைத் துண்டுப்பிரசுரத்தில் கட்டாயம் போடுங்க, அறுவைக்குச் சொல்லும் காரணங்களில் 'பெண் என்று பதிஞ்சாச்சே' என்பதும் ஒன்று.

பெயரைப் பதிவு நேரத்தில் வெற்றாக விடலாம். பிறகு 27ஆம் பிரிவில் சேர்க்கலாம், மாற்றலாம். இரண்டுக்கும் பொருந்துகிற பெயர் நம்மட ஆட்களிடம் தாராளம்: மதி, சசி, ஜோதி, கிருபா. முஸ்லிம் பிள்ளைக்கு நூர்.

பாலைத் திருத்துவது 52ஆம் பிரிவு, பிழை திருத்தம். இங்கே ஒரு குழப்பத்தை அவிழ்க்க வேணும். 2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் வெளியிட்ட சுற்றறிக்கைகளின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. மனநல விசேட நிபுணர் கொடுப்பது, 16 வயதுக்கு மேலே. அது திருநர்களுக்காக வகுத்த வழி. ஊடுபால் பிள்ளையின் தாய் பிரதேச செயலகத்துக்குப் போனால் 'அந்தச் சான்றிதழைக் கொண்டு வாங்க' என்று மனநலப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பப்பட இடமுண்டு. ஆறு மாதப் பிள்ளையை மனநல நிபுணரிடம் கொண்டுபோய் என்ன செய்வது? உங்கட விண்ணப்பம் வேறு: பிறந்தபோது மருத்துவ ரீதியாகத் தெரியாதிருந்த விபரம் இப்போது தெரிந்திருக்கிறது, ஆகவே பதிவு பிழை. விண்ணப்பத்தோடு விசேட நிபுணரின் கடிதம், குரோமோசோம் அறிக்கை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப்பிரதி. கடிதத்தில் நிபுணர் 'பிறப்பின்போது நிர்ணயிக்க முடியாதிருந்தது' என்ற வாசகத்தை எழுதியிருக்கிறாரா என்று வாங்கும்போதே வாசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் நோயின் பெயரை மட்டும் எழுதுவாங்க. எழுதுநருக்கு நோயின் பெயரால் ஒன்றும் விளங்காது.

மறுப்பு வந்தால் எழுத்தில் கேளுங்க. வாய்ச்சொல்லை எங்கேயும் கொண்டுபோக முடியாது.

எழுத்து மறுப்பு கையில் இருந்தால் மூன்று கதவு. மனித உரிமைகள் ஆணைக்குழு: மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கு, அவசர இலக்கம் 1996. உயர் நீதிமன்றம்: அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை (பால் அடிப்படையில் பாரபட்சம் கூடாது), 126இன் கீழ் ஒரு மாதத்துக்குள் மனு. ஒரு மாதம் மிகக் குறுகியது, ஆனால் அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால் விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது (1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). மூன்றாவது கதவைப் பலர் தட்டுவதில்லை: 2007இன் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டம். அதன் 5ஆம் பிரிவு பிள்ளையின் பிறப்புப் பதிவு, பெயர், நலன் பற்றியது. மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மூன்று மாதத்துக்குள் போகலாம், கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. காசில்லாதவருக்கு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழு.

---

கல்லடிப்பாலம்

எல்லாம் சரி, ஆனால் நடைமுறையை யோசிங்க. ஆறு வயதில் பள்ளிக்கூட மலசலகூடத்தில் மற்றப் பிள்ளை பார்த்துவிட்டு ஊரெல்லாம் பரப்பினால்? சின்னதிலேயே சரிப்படுத்திவிட்டால் பிள்ளைக்கு நினைவும் இருக்காது. பெற்றார் விரும்பினால் செய்ய விடுவதுதானே மனித உரிமை?

---

நிறைமாதம்

கல்லடிப்பாலம் அண்ணன், இந்தக் கேள்வியைத்தான் எல்லாப் பெற்றாரும் மனசுக்குள் கேட்கிறாங்க. வெளியில் வந்ததே நல்லம்.

'சரிப்படுத்துவது' என்ற சொல்லுக்குள்ள என்ன இருக்கு என்று பார்ப்பம். பெரிதாக இருக்கிற பெண்குறிக் காம்பைக் குறைத்தால் அதன் நரம்பு பாதிக்கப்படலாம். உணர்ச்சி போனால் திரும்ப வராது. பச்சைப் பிள்ளையில் யோனி வழி அமைத்தால் தழும்பு சுருங்கும். அதை விரிச்சு வைக்க கருவி நுழைக்கிற வேலை பிள்ளையின் தாய் தலையில் விழும், பருவ வயதில் பெரும்பாலும் திரும்பவும் அறுவை. ஆகவே 'நினைவு இருக்காது' என்பது பிழை. முதல் அறுவை நினைவிருக்காது, அடுத்தடுத்தது எல்லாம் இருக்கும். சுரப்பியை எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஹோர்மோன் வெளியில் இருந்து கொடுக்க வேணும், ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் எலும்பு தேயும், பிள்ளைப் பேற்றுக்கான வாய்ப்பு இருந்திருந்தால் அதுவும் போகும். எல்லாத்துக்கும் மேலே, வளர்ந்த பிள்ளை 'நான் அது இல்லை' என்று சொன்னால்? பதிவேட்டில் எழுதினதைத் திருத்தலாம். வெட்டினதை ஒட்ட ஏலாது.

மலசலகூடத்துக்கு மருந்து கதவும் உட்தாழ்ப்பாளும். அதிபரிடம் கேட்க வேண்டியது பூட்டக்கூடிய ஒரு கழிப்பறைக்குப் போகும் அனுமதி மட்டும். காரணமாக 'சிறுநீரக மருந்து எடுக்கிற பிள்ளை, அடிக்கடி போக வேணும்' என்றால் போதும். அட்ரினல் பிள்ளை என்றால் வகுப்பாசிரியருக்கு அந்த மருந்து அட்டையை மட்டும் காட்டுங்க. குரோமோசோம் அறிக்கை பள்ளிக்கூடத்துக்குத் தேவையே இல்லை.

எல்லா அறுவையும் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுநீர் போக வழி அடைபட்டிருந்தால் செய்ய வேணும். ஆணாக வளர்கிற பிள்ளையின் இறங்காத விதையை ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் இறக்கி வைப்பது பிள்ளையின் நலனுக்கே. வை குரோமோசோம் இருந்து சுரப்பி சரியாக உருவாகாத வகையில் புற்றுநோய் வாய்ப்பு கூட, அங்கே எடுக்கச் சொன்னால் காரணம் இருக்கு. ஆனால் ஆண் ஹோர்மோனை உடம்பு முற்றாக ஏற்காத வகையில் (எக்ஸ்வை, வெளியில் முழுப் பெண் தோற்றம், பதினாறு வயதாகியும் சாமத்தியப்படாததால் தெரிய வரும்) பருவத்துக்கு முன் அந்த ஆபத்து மிகக் குறைவு. அந்தச் சுரப்பியே மார்பு வளரவும் காரணம். 'புற்றுநோய் வரும்' என்ற ஒரு வசனத்தில் இரண்டையும் ஒன்றாக்கி விடுவாங்க. எந்த வகை என்று பெயர் கேளுங்க.

கையெழுத்துப் பேப்பரை நீட்டினால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இதை இந்த வருடம் செய்யாவிட்டால் பிள்ளையின் உடம்புக்கு என்ன நடக்கும்?' பதில் 'உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆட்கள் கதைப்பாங்க' என்று வந்தால் பேப்பரை மடிச்சு வையுங்க.

இன்னொன்று. போதனா வைத்தியசாலை என்றால் மாணவர் கூட்டமாக வந்து பார்ப்பாங்க. படிக்கத்தான் வேணும். ஆனால் தாய் 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லலாம், படம் எடுக்க விடாமல் மறுக்கலாம். அதனால் சிகிச்சை நிற்காது.

---

பதிவேடு

வட்ஸ்அப் செய்தி பாதி உண்மை. இந்தியா முழுக்கத் தடை என்பது பிழை. 2019 ஏப்ரல் 22இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். வழக்கு உண்மையில் ஒரு கல்யாணப் பதிவு மறுப்பைப் பற்றியது. அதே தீர்ப்பில் ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் திருத்த அறுவை கூடாது என்று அரசைப் பணித்தார். தமிழ்நாடு அரசு அந்த வருடம் ஓகஸ்ட் 13இல் ஆணை வெளியிட்டது, உயிராபத்து நிலை மட்டும் விலக்கு. அது தமிழ்நாட்டுக்கு. உலகில் நாடு முழுக்கச் சட்டமாகச் செய்த முதல் நாடு மால்டா, 2015. இலங்கையில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 'தடை இருக்கு' என்று நம்பிக்கொண்டு போகிற தாய், அங்கே பேப்பரை நீட்டினதும் குழம்பிப்போவாள். 'சட்டம் தடுக்காது, நீங்கள்தான் தடுக்க வேணும்' என்றே எழுதுங்க.

மருத்துவக் கோப்பின் பிரதி எல்லாத்துக்கும் அடிப்படை. இப்போதே எடுத்து வையுங்க: நோய் நிர்ணய அட்டை, ஸ்கான், குரோமோசோம், அறுவை நடந்திருந்தால் அதன் குறிப்பு. கொடுக்க மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தில் விண்ணப்பம், தீர்மானம் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேணும். மருத்துவக் குறிப்பு அந்தச் சட்டத்தில் விலக்கு என்று பதில் வரலாம். அதே வாசகத்தில் 'உரியவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய' என்று கிடக்கு. சம்மதக் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்திடுங்க.

---

சம்மாந்துறைவயல்

இந்தப் பிரசுரம் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கமும் வரும் என்றால் எங்கட ஆட்களுக்கு மூன்று விஷயம் சேர்க்கணும்.

சுன்னத்து. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருக்கிற பிள்ளைக்கு ஒஸ்தாவிடமோ (ஊரில் சுன்னத்துச் செய்கிறவர்) டிஸ்பென்சரியிலோ சுன்னத்துச் செய்யவே கூடாது. துவாரத்தைச் சரிசெய்யும் அறுவைக்கு வைத்தியர் பாவிப்பது அந்த முன்தோலைத்தான். வெட்டி வீசினால் பிறகு வேறு இடத்துத் தோல் தேட வேணும். துவாரம் கீழே, விதையும் கையில் படவில்லை என்றால் அது சுன்னத்து விஷயமே இல்லை, நிறைமாதம் தாத்தா சொன்ன இரத்தச் சோதனைக்கு ஓடணும்.

அகீகா, பிள்ளை பிறந்ததுக்கு ஆடு அறுத்துக் கொடுக்கிறது. ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று என்பதால் ஏழாம் நாளிலேயே 'என்ன பிள்ளை' என்ற கேள்வி வீட்டுக்கு வந்துவிடும். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) ஆண் பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தால் அகீகா அடிப்படையில் நிறைவேறும். ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

மூன்றாவது வாரிசு. 'மார்க்கத்தில் இப்படி ஒரு ஆளே இல்லை' என்று சொல்கிறவருக்கு: ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் குன்ஸா, அதாவது பால் தெளியாதவர், என்று தனிப் பகுதியே இருக்கு, தொழுகை வரிசையில் இருந்து சொத்து வரை. 1931இன் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் அவரவர் மத்ஹபைப் பின்பற்றச் சொல்வதால் இங்கே அது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கணக்கு இப்படி: வாப்பா மௌத்து (இறந்துவிட்டார்), வாரிசு ஒரு மகனும் பால் தெளியாத ஒரு பிள்ளையும் மட்டும், வயல் ஆறு ஏக்கர். அந்தப் பிள்ளை ஆண் என்றால் மூன்று மூன்று. பெண் என்றால் மகனுக்கு நாலு, பிள்ளைக்கு இரண்டு. ஷாஃபி முறையில் ஒவ்வொருவருக்கும் நிச்சயமான குறைந்த பங்கை முதலில் கொடுப்பது: மகனுக்கு மூன்று, பிள்ளைக்கு இரண்டு. மிச்சம் ஒரு ஏக்கர் தெளிவாகும் வரை நிறுத்தி வைக்கப்படும். பிழை நடக்கிறது அந்த ஒரு ஏக்கரில். 'நிறுத்தி வைப்பது' என்பது பெரிய காக்கா (மூத்த அண்ணன்) விதைச்சு அறுப்பது என்றாகிவிடும். எழுத்தில், சாட்சியோடு, யார் பொறுப்பு என்று போட்டு வையுங்க.

---

பட்டிருப்பு77

தமிழ்ப் பக்கத்துக்கும் காணி விஷயம் ஒரு வரி சேர்த்துவிடுங்க. தேசவழமை என்ற மரபுச் சட்டம் வடக்குத் தமிழருக்கு. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம், அதில் பிள்ளைகள் ஆண் பெண் எதுவானாலும் சம பங்கு. பால் என்ன என்ற கேள்வியே எழாது. பழைய முக்குவர் வழமை 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வாரிசு விஷயத்தில் ஒதுங்கிவிட்டது. சட்டம் ஒதுங்கினாலும் ஊர் ஒதுங்கவில்லை: வீடு பெண் பிள்ளைக்கு. 'இது பெண்ணா, வீடு கொடுக்கிறதா?' என்று தாய்மாமன் கேட்கத்தான் செய்வார். கொடுக்க விரும்பினால் உறுதி எழுதிக் கொடுங்க, வழமையை நம்பாதீங்க.

கல்லோயாப் பக்கத்தில் அரசு கொடுத்த அளிப்புப் பத்திரக் காணி வேறு கதை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது, 2022இல் திருத்தம் வந்து அது போச்சு. இருந்தாலும் பின்னுரித்தாளரை (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை) உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பெயர் குறித்துப் பதிஞ்சால் தகராறே வராது.

கல்யாணப் பேச்சில் வரும் ஒரு மிரட்டலுக்கும் பதில்: பொது விவாகச் சட்டத்தில் மணமுறிவுக்குக் காரணம் சோரம், வன்மமாய்க் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது உடலுறவுக்கு இயலாமை. பிள்ளைப் பேறு இல்லாதது அந்தப் பட்டியலில் இல்லை.

---

வாவிக்கரை

பெரிய உதவி. நாலு பக்கம் எட்டாகும் போல கிடக்கு. அடையாள அட்டைக் கேள்வி மட்டும் விட்டுப்போச்சு, பதிவேடு சேர். பிறப்புப் பதிவைத் திருத்தினால் அட்டையில் பாலை மாற்றினால் போதும்தானே?

---

பதிவேடு

போதாது. பால் அட்டையின் இலக்கத்துக்குள்ளேயே இருக்கு. பிறந்த வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவாங்க. மே 24 பிறந்தவர் ஆண் என்றால் 145, பெண் என்றால் 645 (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு). பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே, 2016இல் வந்த பன்னிரண்டு இலக்கத்திலும் இதே. ஆகவே பால் மாறினால் இலக்கம் மாறும். இலக்கம் மாறினால் சாதாரண தரச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஈ.பி.எஃப்., கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் பழைய ஆளின் பெயரில் கிடக்கும். ஒவ்வொன்றையும் கட்டி இழுக்க வேணும், ஒவ்வொரு யன்னலிலும் காரணம் சொல்ல வேணும். பிறப்புப் பதிவின் பழைய வரியும் அழிபடாது, திருத்தம் அதோடு குறிப்பாக ஏறும்.

அதனால் காலக்கணக்கு முக்கியம். அட்டை 15 வயதில், சாதாரண தரப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடம் ஊடாக விண்ணப்பிப்பது. பிள்ளைக்கு 13, 14 வயதாகும்போது பிள்ளையிடமே கேட்டு, மாற்றம் தேவை என்றால் 52ஆம் பிரிவு விண்ணப்பத்தை அதுக்கு முன்பே முடியுங்க. அங்கீகாரச் சான்றிதழுக்காக 16 வரை காத்திருந்தால் அட்டை ஏற்கெனவே கையில் இருக்கும், பரீட்சையும் எழுதியாச்சு. இந்த ஒரு வருட இடைவெளியைச் சுற்றறிக்கை எழுதினவர்கள் யோசிக்கவில்லை.

---

நிறைமாதம்

31க்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீங்க, எல்லாரும் சட்டத்துக்குப் போயிட்டம். நம்மட பேச்சிலேயே விடை கிடக்கு. 'புள்ள' என்றால் ஆணும்தான் பெண்ணும்தான். பெண் பிள்ளையையும் 'மனே' என்றுதான் கூப்பிடுறம். 'புள்ளைக்கு மருந்து போகுது, டொக்டர்மார் சோதிச்சுக்கொண்டு இருக்காங்க, முடிவு வந்ததும் சொல்றம்' என்று ஒரே வசனத்தைத் தாய், தகப்பன், அம்மம்மா மூன்று பேரும் பேசி வைத்துச் சொல்ல வேணும். ஆளுக்கொரு கதை சொன்னால்தான் ஊர் தோண்டும். காப்பு, கொலுசு, காது குத்தல் எதையும் அவசரப்பட்டுப் போட வேண்டாம், எடுத்தால்தான் கதை பிறக்கும். 'அலி', 'ஒம்பது' என்று வீட்டுக்குள் ஒருவர் பகிடிக்குச் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்க.

---

வாவிக்கரை

கடைசியாக ஒன்று. கிளினிக் கொப்பி ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ். முடிவு வரும் வரை எதைக் கொடுக்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தர் கேட்கிறா.

---

நிறைமாதம்

எது கையில் இருக்கோ அதைக் கொடுக்கட்டும், கடதாசி உறை போட்டு. வளர்ச்சிக் கோட்டில் பிறந்த நேரத்து நடுநிலை ஆணுக்கு 3.3 கிலோ, பெண்ணுக்கு 3.2. முதல் மாதத்தில் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அவ பார்க்க வேண்டியது நிறை பதினாலாம் நாளைக்குள் திரும்பி ஏறுதா என்பதை. ஏறாட்டி அன்றைக்கே அனுப்பட்டும், அடுத்த கிளினிக் நாள் வரை வைக்காமல்.